அக்கா கேட்ட ஒன்பது அங்குலம்

எங்கள் அக்கா அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைகிற இன்று, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிற உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி ஒரு பக்கம் எழுதும்படி பெரியண்ணன் என்னிடம் சொன்னார். "நீதான அதுகூட ஒரே வீட்ல இருந்தவன். பொறந்தது, வளந்தது, நல்ல குணம், அவ்ளோதான். எழுதிக் குடு" என்றார். நான் நாலு பேர் நடுவில் பேசத் தெரியாதவன். பத்தாவது வரை தெலுங்கு மீடியத்தில் படித்தேன். தமிழ் எழுத்து வீட்டில் எங்கள் அப்பா, நைனா, சிலேட்டில் போட்டுக் கற்றுக்கொடுத்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் முடிக்க முடியவில்லை, அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது ஆந்திராவில், நகரிக்கு வெளியே, இப்போது நான் குடியிருக்கும் இதே வீட்டில்தான். பெரியண்ணனுக்கு அடுத்தவர், எனக்கு ஆறு வயது மூத்தவர். நைனாவுக்கு வேர்க்கடலை போடும் நிலம் கொஞ்சமும் பத்து மாமரமும் இருந்தன. அம்மா படுத்துவிட்டதால் அக்காவின் படிப்பு ஏழாவதோடு நின்றது. பத்தொன்பது வயதில் பாகாலாவில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தோம். பதினோரு வருடம் குழந்தை இல்லை. ஒரு நாள் அந்த வீட்டுக்கு ஒரு பெண்ணும் அவளுடைய அப்பா அம்மாவும் வந்தார்கள். அக்கா காபி போட்டுக் கொடுத்தார். அவர்கள் போன பிறகுதான், வந்தது மாப்பிள்ளை வீடு பார்க்க என்று மாமியார் சொன்னார். அக்கா மறுநாள் ஒரு பெட்டியோடு ரயில் ஏறி, திருப்பதியில் மாறி, நகரியில் இறங்கி, ஸ்டேஷனிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தார். அழவில்லை. "அந்தப் பொண்ணு காபியில சக்கரை பத்தலன்னுச்சு. போட்டுக் குடுத்துட்டு வந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு இருபத்திரண்டு வருடம் அக்கா இந்த வீட்டில் இருந்தார். பதினேழு வருடம் விசைத்தறிக் கொட்டகையில் தாரில் நூல் சுற்றினார். என் இரண்டு பிள்ளைகளையும் தூக்கி வளர்த்தார். என் கல்யாணத்துக்கு மூன்று நாள் சமையல் பார்த்தவர் அவர்தான். ஆனால் தாலித் தட்டைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ண எல்லோரிடமும் கொண்டுபோனபோது, நம் உறவில் ஒரு பெரியம்மா தட்டை அக்காவைத் தாண்டி எடுத்துப்போனார். "அந்தக் கை பட வேணாம்" என்றார். யார் என்று நான் எழுதவில்லை. அவருக்குத் தெரியும். அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் அக்கா என்னிடம், "என் கை பட்ட சோறு மட்டும் எல்லாருக்கும் எறங்குதே, அது எப்டிடா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். புது மாப்பிள்ளையான நான் வேட்டி நனையாமல் ஒதுங்கிக்கொண்டேன்.

நைனா போவதற்கு முன் பெரியண்ணனையும் என்னையும் கூப்பிட்டு, "பின்னாடி இடம் அவளுக்கு" என்று சொன்னார். வீட்டுக்குப் பின்னால், ரோட்டு வரைக்கும் போகிற காலி மனை அது. வாயால் சொன்னதுதான், எழுதவில்லை.

அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது ஆனபோது தறிக்கொட்டகையை மூடிவிட்டார்கள். இரண்டு மாதம் சும்மா இருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியண்ணன் வீட்டுக்கு வந்திருந்தபோது பேச்சை எடுத்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பெரியண்ணன் சத்தியவேட்டில் இருக்கிறார். ஸ்ரீ சிட்டி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் ஓட்டுகிறார்.

"பின்னாடி காடை வளக்கலாம்னு இருக்கேன் அண்ணா."

"காடையா? அதை யாரு துன்றாங்க?"

"புத்தூர்ல பிரியாணிக் கடையில கேட்டுட்டுதான் வந்தேன். எத்தினி இருந்தாலும் கொண்டாங்கம்மான்றாரு."

"நாறும்மே. ஊட்டாண்ட வந்து போறவங்க மூக்கைப் பொத்திக்கினு போவாங்க."

"உன் வேன் பொகை மட்டும் சந்தனமா?"

உள்ளே என் மனைவி சிரித்துவிட்டாள். பெரியண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. நகரியில் காலை ஷிப்ட் ஆட்களை ஏற்ற மூன்று வேன் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பதாகவும், இந்த மனையை அதற்குத்தான் நினைத்திருந்ததாகவும் அப்போதுதான் சொன்னார். அக்கா, "நைனா எனக்குன்னு சொன்னாரு" என்றார். "சொன்னாரு, இல்லேன்னு யாரு சொன்னா? நீ அதுல இன்னா பண்ண இருபது வருஷமா? கோலம் போட்ட" என்றார் பெரியண்ணன். கடைசியில் ஒரு முடிவு சொன்னார். "ஆடி ஜாத்திரை வரைக்கும் டைம். ஜாத்திரை மறுநாள் வந்து பாப்பேன். உன் காடை நடந்துகினு இருந்துச்சுன்னா இடம் உன்னுது, நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கறேன். இல்லேன்னா வேன் நிக்கும். நீ பெட்டியைக் கட்டிக்கினு சத்தியவேடு வந்துடு. எங்க மாமியாரைப் பாத்துக்க ஆளு வேணும்." அவருடைய மாமியார் அப்போது படுத்த படுக்கை. அக்கா சரி என்றார்.

அக்கா எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. திருப்பதியில் கால்நடை டாக்டர் ஒருவர் மூன்று நாள் பயிற்சி கொடுப்பதாகக் கேள்விப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வகுப்புக்கு வந்தவர்களில் பெண் அக்கா ஒருவர்தான். டாக்டர் தெலுங்கில் சொல்லச் சொல்ல அக்கா நோட்டில் எழுதிக்கொண்டார். தமிழ்ப் பேச்சைத் தெலுங்கு எழுத்தில் எழுதுவார். குஞ்சுக்கு முதல் வாரம் எவ்வளவு சூடு, தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடவில்லை என்றால் குஞ்சு விழுந்து முழுகிப் போகும், தரைக் கம்பி வலை எந்த அளவு இருந்தால் கால் மாட்டாது, கூண்டுக்குக் கீழே எச்சம் விழத் தட்டு எவ்வளவு ஆழம், எல்லாம் அதில் இருந்தது.

இரண்டாவது நாள் டாக்டர் எங்களைக் கூண்டருகே அழைத்துப்போனார். நாங்கள் நிற்கும்போதே திடீரென்று கையைப் பலமாகத் தட்டினார். ஐம்பது காடையும் ஒரே சமயத்தில் நேர் மேலே எம்பின. கூரை வலையில் லேசாகத் தட்டிக் கீழே இறங்கி, ஒன்றும் நடக்காததுபோல் தீனி தின்ன ஆரம்பித்தன. "பார்த்தீங்களா? கோழி பயந்தால் ஓடும். காடை பயந்தால் பாணம் மாதிரி மேலே போகும். எத்து தக்குவ உண்டாலம்மா" என்றார். உயரம் குறைவாக இருக்க வேண்டும் என்று அர்த்தம். உயரம் குறைந்தால் வேகம் பிடிக்க இடமில்லை. உயரத்தைக் கூட்டினால் வேகம் பிடித்து மண்டை உடைந்து சாகும். அக்கா நோட்டில் "ஒன்பது அங்குலம்" என்று எழுதி இரண்டு கோடு போட்டார். ரயிலில் வரும்போது என்னிடம், "மனுஷனுக்கும் அப்டித்தான் போல. ரொம்ப எடம் குடுத்தா மண்டையை ஒடச்சிக்கிறான், உங்க அண்ணன் மாதிரி" என்றார். எதிர் சீட்டில் இருந்தவர்கூடச் சிரித்தார்.

கூண்டு கட்டியது நான். புத்தூர் ரோட்டில் எனக்கு வெல்டிங் கடை என்பது உங்களுக்குத் தெரியும். மூடிக்கிடந்த தறிக்கொட்டகையிலிருந்து அக்கா உடைந்த தறியின் ஆங்கிள் இரும்பைப் பேசி வாங்கிவந்தார். நான்கு அடுக்கு. ஒவ்வொன்றும் ஆறடி நீளம், இரண்டடி அகலம், உயரம் ஒன்பது அங்குலம். முட்டை உருண்டு முன்னால் வர லேசான சரிவு. நான் வெல்டு வைக்கும்போது அக்கா பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மூலையையும் விரலால் தடவிப் பார்ப்பார். கம்பி முனை நீட்டிக்கொண்டிருந்தால், "இது உன் பொண்டாட்டி கால்ல குத்தினா சும்மா இருப்பியா?" என்பார். ஏழு நாளில் முடித்தோம். இத்தனை வருடத்தில் நான் செய்ததில் சுத்தமான வேலை அதுதான்.

அக்கா குஞ்சு வாங்கத் திருப்பதிக்குப் போய் இரண்டு நாள் தங்கவேண்டி வந்தது. முதல் நாள் காலையில் பெரியண்ணன் ஒரு வாஸ்துக்காரரோடு வந்தார். கெட்ட எண்ணத்தோடு வந்தார் என்று நான் சொல்லமாட்டேன். வேன் வாங்கினாலும் அவரைக் கூட்டிவந்துதான் காட்டுவார். வாஸ்துக்காரர் டேப் வைத்து, பின்னால் கூண்டுக்காகப் போட்டிருந்த கொட்டகையை அளந்தார். அது சரி என்றார். பிறகு கூண்டை அளந்தார்.

"ஒன்பதா? மனையடியில ஒன்பது ஆகாதுங்க. பீடை."

"அது மனைக்குத்தான சாமி. இது காடைக் கூண்டு" என்றேன்.

"உயிர் குடியிருக்குதா இல்லையா? அப்ப மனைதான்."

"பத்து வெச்சிக்கலாமா?" என்று கேட்டேன். டாக்டர் பத்து வரைக்கும் விட்டிருந்தார்.

"பத்து ஆடு மாட்டுக்கு. பதினொண்ணு புள்ள பாக்கியம்." இதைச் சொல்லிவிட்டு அவர் பெரியண்ணனைப் பார்த்துச் சிரித்தார். பெரியண்ணனும் சிரித்தார். "பன்னண்டுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும் எல்லாமே கெடுதல். பதினாறு வைங்க. பேறு பதினாறு."

நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். எம்பும், மண்டை உடையும் என்று சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன், அதுவும் மெதுவாக. பெரியண்ணன், "டாக்டர் காடைக்குப் பாத்தான். நான் ஊட்டுக்குப் பாக்கறேன். பின்னாடி பீடையை வெச்சிக்கினு உன் புள்ளைங்க முன்னாடி படுக்கணுமா? பாவம் அதுங்களும் நிமிந்து நிக்கட்டும். மாத்துடா" என்றார்.

மாற்றினேன். இரண்டு நாள் ராப்பகலாக வேலை செய்து, கூண்டின் எட்டுக் காலையும் அறுத்து, ஒவ்வொரு அடுக்கையும் பதினாறு அங்குலத்துக்கு நீட்டி வெல்டு வைத்தேன். என்னை யாரும் கட்டிவைத்துச் செய்யச் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து பெரியண்ணன் சொன்னால் செய்துதான் பழக்கம், அதனால் செய்தேன்.

அக்கா இருநூறு குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வைத்து மடியில் தாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். கூண்டைப் பார்த்தார். பெட்டியைக் கீழே வைக்காமலே கிட்டப் போய், ஒரு கையால் சாண் போட்டு அளந்தார்.

"இதுல யாரு படுக்கப்போறது, நீயா?"

"அண்ணன் சொன்னாரு அக்கா. ஒன்பது ஆவாதாம்."

"அண்ணன் சொன்னா உன் கழுத்தையும் அறுத்து வெல்டு வெச்சிப்பியா?"

நான் பெட்டியை வாங்கிக் கீழே வைத்தேன். பிறகு அக்காவே, "சரி விடு. மூணு வாரம் இதுங்க பெட்டியிலதான் இருக்கும். அதுக்குள்ள எறக்கிக் குடுத்துடு" என்றார்.

"ஞாயித்துக்கிழமை செஞ்சிடறேன் அக்கா" என்றேன்.

அந்த ஞாயிறு பெரியண்ணன் வருவதாகச் சொல்லியிருந்தார். அறுத்துக்கொண்டிருக்கும்போது வந்துவிட்டால் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். மூன்றாவது ஞாயிறு கடையில் வேலை என்று பொய் சொன்னேன். பிறகு அக்கா கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் கேட்பதை நிறுத்தியது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்த நாட்களில் அக்காவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குஞ்சு கட்டைவிரல் அளவுதான் இருக்கும். கரண்ட் போனால் பல்பு அணைந்து, குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் இருப்பது நசுங்கிவிடும். அக்கா மண் சட்டியில் தணல் போட்டு நடுவில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, குவிகிற குஞ்சுகளைக் கையால் கலைத்துக்கொண்டே இருப்பார். இருநூறில் பத்தொன்பதுதான் போனது. டாக்டர் போனில் கேட்டுவிட்டு, புதிதாக ஆரம்பித்தவர்களுக்கு நாற்பது ஐம்பது கூடப் போகும், உங்கள் கை நல்ல கை அம்மா என்றார். அக்கா போனை வைத்துவிட்டு என் மனைவியைக் கூப்பிட்டு, "நல்ல கையாம்மே. டாக்டரே சொல்றாரு" என்று கையை நீட்டிக் காட்டினார். என் மனைவி, "காட்டுங்க அண்ணி, பாப்போம்" என்று பிடித்துப் பார்த்துவிட்டு, "காடைப் பீ நாத்தம் வருது" என்றாள். இரண்டு பேரும் உட்கார்ந்து சிரித்தார்கள்.

மூன்று வாரத்தில் கூண்டுக்கு மாற்றினோம். ஏழாவது வாரம் முதல் முட்டை. ஆடி பிறந்தபோது தினமும் அறுபது எழுபது முட்டை வந்துகொண்டிருந்தது. சேவல்களைப் பிரியாணிக் கடைக்காரர் ஜாத்திரை முடிந்த திங்கட்கிழமை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஜாத்திரை மறுநாள் வரைக்கும் போனால் போதும், மனை அக்காவுடையது.

நான் கூண்டை இறக்கித் தரமாட்டேன் என்று தெரிந்த பிறகு அக்கா தானே ஒரு வழி செய்தார். பழைய கோணிச் சாக்குகளைப் பிரித்து, கூண்டுக்குள் ஒன்பது அங்குல உயரத்தில் கூரை போல இழுத்துக் கட்டித் தைத்தார். எம்பினால் சாக்கில்தான் படும். உள்ளே தலையை விட்டு, பறவைகளை ஒரு பக்கம் ஒதுக்கி, கோணி ஊசியால் கம்பியோடு சேர்த்துத் தைக்க வேண்டும். மற்ற வேலைக்கு நடுவில் ஒரு அடுக்குக்கு இரண்டு வாரம் ஆனது. ஜாத்திரைக்குள் கீழ் இரண்டு அடுக்கைத்தான் முடிக்க முடிந்தது. மேல் இரண்டு அடுக்கு அப்படியே இருந்தது.

ஜாத்திரை அன்று பொழுது சாய்கிற நேரத்தில் அம்மன் ஊர்வலம் எங்கள் பின்பக்க ரோட்டு வழியாக வந்தது. வழக்கமாக முன் தெருவில் போகும். பெரியண்ணன் அந்த வருடம் ஜாத்திரைச் செலவை ஏற்ற உபயக்காரர், அதனால் வீட்டு மனையைச் சுற்றி வரட்டும் என்று கேட்டுக்கொண்டாராம். பம்பை சத்தம் கிட்ட வர வர அக்கா கொட்டகைக்கு ஓடினார். நானும் ஓடினேன். மனைக்கு நேராக அம்மனை நிறுத்திப் பத்தாயிரம் வாலா சரம் கொளுத்தினார்கள்.

நான் நிறைய இரும்பு அடித்திருக்கிறேன். அந்தச் சத்தம் மட்டும் வேறு. மேல் அடுக்குகளில் தொண்ணூறு காடையும் எம்பி, கம்பி வலையில் மோதி விழுந்து, மறுபடி எம்பின. வெடி நிற்கும்வரை அவையும் நிற்கவில்லை. அக்கா மேல் கூண்டின் கதவைத் திறந்து இரண்டு கையையும் உள்ளே விட்டு, வலைக்குக் கீழே கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கையில் மோதியவை பிழைத்தன. எத்தனை பறவைக்குக் கை போதும்? சரம் முடிந்தபோது அக்காவின் முழங்கை வரை ரத்தம். அவருடையது கொஞ்சம், பறவைகளுடையது மீதி. தோல் உரிந்து மண்டை வெள்ளையாகத் தெரிந்த காடைகள் இன்னும் நின்றுகொண்டிருந்தன. சில தீனித் தட்டுக்குப் போய் இரண்டு கொத்து கொத்திவிட்டுச் சாய்ந்தன. மேல் இரண்டு அடுக்கில் எழுபத்தாறு செத்தது. சாக்கு கட்டிய கீழ் இரண்டு அடுக்கில் இரண்டே இரண்டு.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரே தீனி, ஒரே தண்ணீர், வளர்த்ததும் ஒரே கை. சாக்குக்குக் கீழே இருந்தது பிழைத்தது, பதினாறு அங்குலத்தில் இருந்தது செத்தது.

மறுநாள் காலையில் நான் மாமரத்தடியில் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது பெரியண்ணன் வந்தார். ஜாத்திரைக்கு வந்த உறவினர்கள் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். நம்மில் பலர். பின்பக்கம் வந்து நின்று பார்த்தார்கள். பெரியண்ணன் செத்த காடைகளைப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன். இது கை வெச்சா எது நிக்கும்?" என்றார்.

அக்கா, "இன்னும் நூத்துக்கு மேல நிக்குது அண்ணா. திங்கக்கிழமை கடைக்காரரு வர்றாரு" என்றார்.

"அதுவும் நாளைக்குச் சாவும். சாவறதுக்கு முன்னாடி அறுத்துடு. எல்லாரும் வந்திருக்காங்க, ஆட்டுக்கறி பத்தாது."

"இது சாவாது. இதுக்கு மேல சாக்கு கட்டியிருக்குது."

"சாக்கு கட்டினா சாவு வராதா? பாகாலாவுல கட்டியிருக்கலாமே, ஊடாவது நின்னிருக்கும்!"

நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லோரும் இல்லை. ஆனால் சத்தம் வருகிற அளவுக்குச் சிரித்தார்கள். அக்கா பெரியண்ணனைப் பார்க்கவில்லை. குழிக்குள் மண்வெட்டியோடு நின்ற என்னைப் பார்த்தார். நான் சொல்லவேண்டியது ஒரே வரிதான். கூண்டு உயரத்தை மாற்றியது நான், அதனால் செத்தது என்று. வாய் வரைக்கும் வந்தது. நான் குனிந்து மண்ணை வெட்டினேன்.

அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, "கத்தியைக் கொண்டா" என்றார்.

காடை அறுக்கத் தெரிந்தது அங்கே அவருக்கு மட்டும்தான். கோழி மாதிரி இறகு பிடுங்க வேண்டியதில்லை, சட்டையைக் கழற்றுவது போலத் தோலோடு உரிக்கலாம். நூறு காடை. காலை எட்டு மணியிலிருந்து மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்து அறுத்தார். நான் தண்ணீர் ஊற்றினேன். பெட்டைகளின் வயிற்றில் மறுநாள் இடவேண்டிய முட்டை ஓட்டோடு இருந்தது. அவற்றை மட்டும் ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்துவைத்துக்கொண்டே வந்தார். முடிந்ததும் அந்தக் கிண்ணத்தைக் கொண்டுபோய்க் குழியில் கவிழ்த்துவிட்டு வந்தார்.

அன்று பந்தியில் அக்காதான் பரிமாறினார். "பிஞ்சுக் கறி, எலும்பே தெரியல" என்றீர்கள். "வருஷா வருஷம் ஜாத்திரைக்கு இதையே செய்யும்மா" என்று ஒருவர் சொன்னார். அக்கா, "இன்னும் ரெண்டு துண்டு வெக்கட்டுமா மாமா?" என்று கேட்டு வைத்தார். எல்லோரும் சாப்பிட்ட பிறகு ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டினார்.

செவ்வாய்க்கிழமை கூண்டை இரும்பு விலைக்குப் போட்டோம், அக்கா சத்தியவேட்டுக்குக் கிளம்பினார். அடுத்த வாரம் வேன் வந்து நின்றது. அக்கா சத்தியவேட்டில் இரண்டு வருடம் பெரியண்ணனின் மாமியாருக்குப் பணிவிடை செய்தார். அந்த அம்மாள் கோபக்காரர். சோற்றைத் தட்டிவிடுவார், "உன் கையால குடுக்காத, வெளங்காது" என்பார். அக்கா மறுபடி பிசைந்து ஊட்டுவார். நான் போய்ப் பார்க்கும்போது, "இங்க எனக்கு ஒண்ணும் கொறையில்லடா. கூரை நல்ல ஒசரம்" என்பார். அந்த அம்மாள் போய் நாலு மாதத்தில் அக்காவும் படுத்தார். வயிற்றில் கட்டி என்றும், முற்றிவிட்டது என்றும் திருப்பதியில் சொன்னார்கள்.

கடைசி வாரம் நான் மருத்துவமனையில் கூட இருந்தேன். ஒரு நாள் மத்தியானம் அக்கா கண்ணைத் திறந்து, "டேய், ஒம்போது வெச்சிருந்தா நின்னிருக்கும் இல்ல?" என்று கேட்டார். பெரியண்ணன் கட்டிலின் அந்தப் பக்கம் மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நான், "இப்ப எதுக்கு அக்கா அதெல்லாம்" என்றேன்.

"சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு என்னிடம் தண்ணீர் கேட்டார், போர்வை கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் விடியும்போது போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். மருத்துவச் செலவு முழுவதையும் பெரியண்ணன்தான் பார்த்தார், ஒரு குறையும் வைக்கவில்லை. அவருக்கு நன்றி. இரவு பகலாகத் துணியை மாற்றிக் குளிப்பாட்டிய என் மனைவிக்கும், முகம் சுளிக்காத நர்ஸ் பெண்களுக்கும் நன்றி. அக்காவின் கையை நல்ல கை என்று சொன்ன அந்தக் கால்நடை டாக்டருக்கு நன்றி. வேறு யாரும் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அந்தத் திங்கட்கிழமை சொன்னபடி வண்டியோடு வந்து, வெறும் கூண்டைப் பார்த்துவிட்டு, அக்காவைக் கும்பிட்டுவிட்டுப் போன பிரியாணிக் கடைக்காரருக்கு நன்றி. அக்காவைத் தூக்கிய நான்கு பேருக்கும், இன்று சமைத்தவர்களுக்கும் நன்றி.

ஒரு வேண்டுகோளும் உண்டு. அக்கா போன பிறகும் நம் வீடுகளில் அவர் பேரைச் சொல்வது நிற்கவில்லை. போன மாதம் ஒரு புதுமனையில் பால் திரிந்ததற்கு, "அவ கை மாதிரி ஆயிடுச்சு" என்று சொன்னதை நானே கேட்டேன். அப்போதும் நான் பேசவில்லை. இனி அப்படிச் சொல்ல வேண்டாம். அக்கா வளர்த்தது எல்லாம் நின்றது. அவர் தைத்த சாக்குக்குக் கீழே இருந்ததைச் சாகடித்தது நம்முடைய பசி. மேலே இருந்ததைச் சாகடித்தது நான். டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டு, தெரிந்தே அறுத்து, தெரிந்தே நீட்டி வைத்தேன். நாலு பேர் நடுவில் நின்று பேச எனக்கு வராது. யாருக்காவது கேட்க வேண்டும் என்றால், இன்று பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவன் நான்தான். கூப்பிட்டுக் கேளுங்கள், சொல்கிறேன்.